வீட்டு க்ரூப்: 85 டிகிரியும் ஒரு கரண்டி தண்ணியும்

அம்மா: கார்த்தி காது ஏன்டா அப்படி சிவந்து கெடக்கு, வீடியோ கால்ல பாத்தேன்

கார்த்தி: ஒண்ணுமில்லம்மா சவுனால லேசா சுட்டுருச்சு, அதான் இங்க ஃபின்லாந்துல சூடான ரூம்ல உக்காந்து வேர்க்க விடுவாங்களே அது. வெள்ளிக்கிழமை எங்க பில்டிங் சவுனால ஆம்பளைங்களுக்கு பொது டர்ன், போன வாரம் மேல் படில போய் உக்காந்துட்டேன்

பெரியப்பா: எத்தனை டிகிரி

கார்த்தி: 85 பெரியப்பா

பெரியப்பா: ரீல் விடாதடா. இங்க ஜிம்ல ஸ்டீம் பாத்ல 45தான் காட்டுச்சு, அதுக்கே மூச்சு முட்டி வெளிய ஓடி வந்தேன்

கார்த்தி: அது முழுக்க ஆவி பெரியப்பா. இங்க காத்து காஞ்சு கெடக்கும், வேர்வை வந்த வேகத்துல காஞ்சிடும் அதுல உடம்பு கொஞ்சம் ஆறும், அதனால 85ல கூட சும்மா கதை பேசிட்டு உக்காந்திருக்கலாம்

அத்தை மதுரை: அதான் எங்க ஊர்ல 40 அடிச்சாலும் தாங்குறோம், மெட்ராஸ் வந்தா 36லயே பனியனை பிழிய வேண்டியிருக்கு

கார்த்தி: அதே கதைதான் அத்தை. இதுல ஒரு தாத்தா வந்தாரு, வணக்கம் கூட சொல்லல, கரண்டில தண்ணி மொண்டு சூடான கல்லு மேல ஊத்தினாரு பாருங்க, புஸ்ஸுனு ஆவி மேல போய் கூரைல முட்டி அப்படியே என் காதுல எறங்குச்சு. தெர்மாமீட்டர்ல முள்ளு அசையக்கூட இல்ல ஆனா நெருப்பு பட்ட மாதிரி இருந்துச்சு. அந்த ஆவிக்குன்னே இவங்க லோய்லுன்னு ஒரு பேரு வெச்சிருக்காங்க

சித்தி: டேய் இட்லி குண்டான்டா அது. கேக் சுடுற ஓவன்ல 180ல கைய விட்டு கேக்கை எடுக்குறேன் ஒண்ணும் ஆகல, குண்டான் மூடிய தொறந்தா 100 டிகிரி ஆவிக்கே கை பொத்துப் போகுது

கார்த்தி: சித்தி சூப்பர்!! ஆவி தோல்ல பட்டு தண்ணியா மாறும்போது உள்ள இருக்குற சூட்டை மொத்தமா நம்ம மேல கொட்டிடும். அந்த ரூம்ல நம்மதான் ஜில்லுனு இருக்குற பொருள், ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெச்ச பாட்டில் மேல தண்ணி பூக்குமே அந்த மாதிரி. வேர்வைன்னு நெனச்சு தொடைக்கிறதுல அந்த தண்ணியும் இருக்கு. 85 டிகிரில ஈரப்பதம் 12 சதவீதம் கிட்ட தாண்டினாலே இது ஆரம்பிச்சிடும்

பெரியப்பா: 12ஆ? இங்க தினம் 75, 80ன்னு சொல்றானே

கார்த்தி: சூடான காத்து நெறைய ஆவிய புடிச்சு வெச்சுக்கும் பெரியப்பா, அதுல 12 சதவீதம்னாலே மெட்ராஸ் காத்துல இருக்குறத விட ஜாஸ்தி

தினேஷ்: அங்க ஹெய்னோலான்னு ஒரு ஊர்ல சவுனா போட்டியே நடத்தினாங்க அண்ணா. 110 டிகிரி, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ அரை லிட்டர் தண்ணி. 2010 ஃபைனல்ல ஒருத்தர் செத்துட்டாரு, அதோட நிறுத்திட்டாங்க

அம்மா: ஐயோ

கார்த்தி: தினேஷ் இதை அம்மா இருக்குற க்ரூப்ல ஏன்டா போடுற

அம்மா: நீ இனிமே அந்த பக்கமே போக வேணாம். வேது பிடிக்கணும்னா நொச்சி அனுப்புறேன், போர்வைய போத்திக்கிட்டு வீட்லயே பிடி

கார்த்தி: அம்மா நாங்க உக்கார்றது பத்து நிமிஷம், அப்புறம் வெளிய பனில நிப்போம். இவங்க 55 லட்சம் பேருக்கு 30 லட்சம் சவுனா வெச்சிருக்காங்க, எல்லாரும் நல்லாதான் இருக்காங்க

அம்மா: பனிலயா??

சித்தி: 😂😂

கார்த்தி: டர்ன் ஆரம்பிச்சாச்சு போறேன்

அம்மா: கீழ் படில உக்காரு. காதுல துண்டை சுத்திக்கோ. அந்த தாத்தா வந்தா எந்திரிச்சு வந்துடு