புதுப்பிப்பு: வாசிக்கும்போதே அணைந்துபோகும் கீபோர்டு

சத்தம் கூட்டி வாசித்தால் என் இசைக் கீபோர்டு திடீரென்று அணைந்துவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். கோளாறு அடாப்டரில்தான்.

பலரும் சொன்ன ‘ஆட்டோ பவர் ஆஃப்’ வசதியை முதலில் நிறுத்திப் பார்த்தேன். பலனில்லை. அது கருவி சும்மா கிடந்தால்தான் அணைக்கும். எனக்கோ வாசிப்பின் நடுவில் போனது. அடுத்து, அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். முழுச் சத்தத்திலும் அணையவில்லை! இதை முதலில் செய்துவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

அடாப்டரை மல்டிமீட்டரில் தனியாக அளந்தால் சரியாக 12 வோல்ட். கருவி மின்சாரம் இழுக்காதபோது எடுத்த அந்த அளவை நம்பக் கூடாது. ஒயரைச் சீவி, கீபோர்டு ஓடும்போதே அளந்தேன்: பேஸ் (தாழ்ந்த) சுரங்களை அழுத்தியதும் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. கருவிக்குத் தேவை 1.5 ஆம்பியர்; கடையில் தந்த மாற்று அடாப்டரோ 500 மில்லிஆம்பியர், அதாவது அரை ஆம்பியர்தான்.

இப்போது 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, கருவி தேவையானதைத்தான் இழுக்கும். வோல்ட்டும் முனையும் (பிளக்கில் பாசிட்டிவ், நெகட்டிவ் எந்தப் பக்கம் என்பது) மட்டும் மாறவே கூடாது. என் கீபோர்டுக்கு நடுமுனை பாசிட்டிவ். கிட்டார் எஃபெக்ட் பெடல்களின் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ், அதனால் வீட்டில் கிடப்பதை எடுத்துச் செருகிவிடாதீர்கள்.

லேப்டாப்பை யுஎஸ்பியில் இணைத்தால் வரும் இரைச்சல் மட்டும் பாக்கி. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது, ஆக கிரவுண்ட் லூப்தான் (இணைத்த கருவிகளின் எர்த் வழியே சுற்றும் மின்சாரம்). அதற்கு, இரண்டுக்கும் இடையிலான நேரடி மின்தொடர்பைத் துண்டிக்கும் யுஎஸ்பி ஐசோலேட்டர் வாங்கவிருக்கிறேன்.