மாற்கு 4: காற்றையும் கடலையும் அதட்டியது எதற்காக?

சாலொமி:
ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளி சீனியர் வகுப்புக்கு மாற்கு 4:35–41 பாடம். படகில் தூங்கின இயேசுவைச் சீஷர்கள் புயலில் எழுப்ப, அவர் காற்றையும் கடலையும் அதட்டி அமர்த்துகிற பகுதி. குஷ்டரோகியைச் சுகமாக்கினால் அது இரக்கம் என்று பிள்ளைகளுக்குப் புரிகிறது. காற்றை அதட்டினது, கடல்மேல் நடந்தது, அத்திமரத்தைச் சபித்தது எல்லாம் வல்லமையைக் காட்டவா? "புயல் வந்தா ஜெபம் பண்ணா நின்னுடுமா டீச்சர்?" என்று கட்டாயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

பெரேயா:
கடைசி வசனத்திலிருந்து பின்னோக்கி வாங்க சகோதரி. "இவர் யாரோ?" என்று சீஷர்கள் கேட்பதோடு மாற்கு நிறுத்திவிடுகிறார், பதில் எழுதவில்லை. பதில் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. சங்கீதம் 107:23–30 முதலில்: கப்பலேறினவர்கள் ஆபத்தில் கூப்பிடுகிறார்கள், கர்த்தர் கொந்தளிப்பை அமர்த்துகிறார். அடுத்து யோனா 1. அங்கேயும் புயலில் ஒருவன் தூங்குகிறான், மாலுமி எழுப்பி "உன் தேவனை வேண்டிக்கொள்" என்கிறான். இயேசுவையும் எழுப்புகிறார்கள், ஆனால் அவர் யாரிடமும் வேண்டிக்கொள்ளவில்லை, காற்றிடமே பேசுகிறார். பாடத்தின் உயிர் அங்கேதான். கடல்மேல் நடந்ததற்கும் இதே வழி, யோபு 9:8: அங்கே கடல் அலைகள்மேல் நடக்கிறவர் தேவன்.

கவனித்தீர்களா, சங்கீதத்தில் அலை அடங்கியதும் சந்தோஷப்படுகிறார்கள். மாற்குவில் அடங்கின பிறகுதான் "மிகவும் பயந்து" போகிறார்கள். மத்தேயு 8ஐ இதோடு கலக்க வேண்டாம். அங்கே முதலில் சீஷர்களைக் கடிந்துகொள்கிறார், பிறகு காற்றை, மாற்குவில் தலைகீழ். இரண்டையும் சேர்த்துக் கதையாகச் சொன்னால் வரிசை குழம்பும்.

அத்திமரம் வேறு ரகம். மாற்கு 11இல் ஆலயச் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அந்த மரம் வருகிறது. எரேமியா தீர்க்கதரிசி கலசத்தை உடைத்துக் காட்டின மாதிரி, செய்து காட்டும் நியாயத்தீர்ப்பு. அதற்குத் தனி வாரம் வேண்டும்.

கின்னரேத்:
இடத்தையும் சொல்லுங்கள். கலிலேயாக் கடல் நன்னீர் ஏரி; நீளம் சுமார் 21 கி.மீ., அகலம் 13 கி.மீ., நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே. மேற்குக் காற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும், குளிர்காலத்தில் கிழக்கே கோலான் மேடுகள் பக்கமிருந்து கிழக்குக் காற்றும் அடிக்கும். 1986இல் ஏரியின் மேற்கே கினோசார் கரைச் சேற்றில் கிடைத்த படகு ஏறக்குறைய அந்தக் காலத்தது: நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர்.

"அங்கே காற்று தானாகவே சட்டென்று நிற்கும்" என்று யாராவது சொல்வார்கள். காற்று நிற்கலாம், ஆனால் அலை உடனே ஓயாது. மாற்கு இரண்டையும் சொல்கிறார். எழுதினவர் தற்செயலைச் சொல்லவில்லை என்பதுவரை இதை வைத்துப் பேசலாம். நடந்ததற்கு இதுவே நிரூபணம் என்று இழுத்தால் தாங்காது.

மெலித்தா:
பிள்ளைகளின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறதே. அப்போஸ்தலர் 27ஐ எடுங்கள், பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிற கடற்பயணம். கப்பலில் 276 பேர். பதினாலு நாள் புயல் ஓயவில்லை, கப்பல் உடைந்தே போனது; நீந்தியும் பலகையைப் பிடித்தும் கரையேறினார்கள். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று லூக்கா எங்கேயும் எழுதவில்லை. உயிர்ச்சேதம் வராது என்றுதான் வாக்கு, அதுவும் அந்தப் பயணத்துக்கு. பிசாசு கல்லை அப்பமாக்கச் சொன்னபோது இயேசுவே மறுத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"ஜெபித்தால் புயல் திசை மாறும்" என்று வகுப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். மாறாத வருஷத்தில் கூரை போன வீட்டுப் பிள்ளை, தன் வீட்டு ஜெபம்தான் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளும். ஜெபிக்கலாம், கட்டாயம் ஜெபிக்கலாம். முடிவைப் பற்றி வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரமில்லை.

"வாழ்க்கைப் புயல்" விளக்கம் எனக்கு அலுத்துவிட்டது. படகைத் திருச்சபையாகப் பார்ப்பது ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே (கி.பி. 200 வாக்கில்) உண்டு, தப்பில்லை. ஆனால் அதில் தொடங்கினால் "இவர் யாரோ?" காணாமல் போய்விடும்.

சாலொமி:
நன்றி. நேரம் 40 நிமிஷம்தான். எதை விடலாம்?

பெரேயா:
ஏரி விவரத்துக்கு ஒரு வரைபடம் போதும். யோனாவில் 1:4–6, 15–16. மெலித்தா சொன்ன அதிகாரம் நீளம். 14–26, 37, 41–44 மட்டும் வாசிக்க வையுங்கள். அதை மாற்குவுக்குப் பிறகே எடுங்கள்.