மார்பில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, யாருக்காவது இருந்ததுங்களா?

திருப்பூர்ப் பெண்:
வயது 33, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, காலையில் ஓடப் போவேன். சின்னவன் பால்குடி மறந்து இரண்டு வருசமாச்சு. இடது மார்பில் கல் மாதிரிக் கட்டி, மேலே சிவந்து கொதிக்கிறது. டாக்டர் ஆண்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் கீறிச் சீழ் எடுத்தார். அந்த வாய் மூடவே இல்லைங்க, பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பிவிட்டது. பனியன் துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன், சாயந்திரம் எடுத்தால் புண்ணோடு ஒட்டி இழுக்கிறது. ஓடுவதால்தான் என்கிறார் மாமியார். எனக்குக் கேன்சர் பயம்.

பெருந்துறை அக்கா:
ஓட்டத்தால் இது வராது கண்ணு. எனக்கும் இப்படித்தான் இருந்தது, பயாப்சியில் கிரானுலோமேட்டஸ் மாஸ்டைடிஸ், அதாவது மார்பில் வருகிற ஒருவகை நாள்பட்ட அழற்சி வீக்கம் என்று வந்தது. பிள்ளை பெற்ற சில வருசத்துக்குள் பலருக்கு வருகிறது, கேன்சர் இல்லை, ஆனால் ஸ்கேனில் பார்த்தால் கேன்சர் போலவே தெரியும் என்பதால் தடித்த ஊசியில் சதை எடுத்துப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத வீக்கத்துக்குப் பயாப்சி கேட்பது உன் உரிமை. மறுபடி கீற மட்டும் அவசரப்படாதே, கீறின இடம் ஆறாமல் புரையோடிவிடும். சீழை ஊசியிலேயே உறிஞ்சி எடுக்கலாம்.

லேப்காரர், கோவை:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், நம் நாட்டில் இதுதான் முக்கியம். மார்பிலும் டிபி வரும், அதிலும் கிரானுலோமாதான் (அழற்சி செல்கள் கூடின சின்ன முடிச்சு) தெரியும். அதனால் எடுக்கிற சதை முழுவதையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கிற திரவம்) போட்டுவிடாமல் கொஞ்சத்தைத் தனியாக ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (டிபி கிருமியைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிற டெஸ்ட்) டிபி கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்பச் சொல்லுங்கள், ஃபார்மலின் பட்டால் கல்ச்சர் வளராது. டிபி கல்ச்சர் ரிசல்ட் வர 6 வாரம்கூட ஆகலாம். டிபி இல்லை என்று பார்க்காமல், அக்காவுக்கு வந்த வீக்கத்துக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பித்தால் உள்ளே இருக்கிற டிபி பரவிவிடும். டிபி என்றால் வழக்கமாக 6 மாத மருந்து, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கோரினிபாக்டீரியம் என்ற கிருமியும் சிலருக்கு இருக்கும், அது மெதுவாக வளர்வதால் அதைத் தேடுவதாக லேபுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

திருப்பூர்ப் பெண்:
டிபி இல்லாவிட்டால் ஸ்டீராய்டு கட்டாயமாங்க்கா? உடம்பு ஊதிவிடும் என்கிறார்கள்.

பெருந்துறை அக்கா:
கட்டாயமில்லை. சிலருக்குத் தானாகவே அடங்கும், ஆனால் ஒரு வருசம்கூட இழுக்கும். எனக்கு வலி தாங்க முடியாமல் ஸ்டீராய்டு எடுத்தேன், முகம் ஊதியது, சுகரும் ஏறியது, நிறுத்தினதும் இறங்கிவிட்டது. டோஸை டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார், நீயாக நிறுத்திவிடாதே. ஸ்டீராய்டுக்குப் பதிலாகவோ கூடவோ கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினால் அடுத்த பிள்ளை பற்றி யோசனை இருக்கிறதா என்பதை முதலிலேயே சொல்லிவிடு, அந்த மாத்திரை எடுக்கும்போது கரு தங்கக் கூடாது. பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மார்பக சர்ஜன் ஒருவரைப் பார். கீறினபோது எடுத்த சீழை டெஸ்டுக்கு அனுப்பினார்களா என்றும் கேட்டு வாங்கிக்கொள்.