புதுப்பிப்பு: தம்பிக்கு அக்காவின் ஸ்டெம் செல் ஏறியது

ரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு எங்களில் யாருடைய மஜ்ஜை பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். எனக்கு இல்லை, அக்காவுக்குப் பொருந்திவிட்டது.

முதுகில் ஊசி குத்தித்தான் மஜ்ஜை எடுப்பார்கள் என்று பலர் பயமுறுத்தினார்கள்; அக்காவின் முதுகைத் தொடவே இல்லை. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் தாய் அணுக்கள்) ரத்தத்துக்கு வரவைக்க சில நாள் ஊசி, அப்புறம் ஒரு கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்லைப் பிரித்து, மீதியை மறு கையில் ஏற்றினார்கள். மணிக்கணக்கில் இரண்டு கையும் அசைக்க முடியாமல், "மூக்கைச் சொறிஞ்சு விடுடா" என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு நியூட்ரோபில் (கிருமிகளோடு போராடும் வெள்ளை அணு) 500ஐத் தாண்டி நிற்கிறது, அதாவது அக்காவின் செல்கள் அவன் உடம்பில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. ரத்த வகையில் அவன் பி, அக்கா ஓ. போகப்போக அவனும் ஓ ஆகிவிடுவானாம்! இப்போதைக்கு சைக்ளோஸ்போரின் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து), முகக்கவசம். தோலில் தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். புது அணுக்கள் அவன் உடம்பையே தாக்குவதாக இருக்கலாமாம்.