'தி மார்ஷியன்' முடித்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும், ஆண்டி வியரின் இந்த நாவலில் பாதி தாண்டிவிட்டேன். தொடர்வதா, வைத்துவிடுவதா என்று மனசு அல்லாடுகிறது. ஹைட்ரசின் என்ற ஏவூர்தி எரிபொருளிலிருந்து கதாநாயகன் ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரித்துத் தண்ணீர் உண்டாக்கி, கூடாரத்துக்குள் உருளைக்கிழங்கு பயிரிடும் பகுதியில் அப்படியே ஒன்றிப்போனேன். அவனோடு சேர்ந்து நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் செவ்வாயில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டவனின் தவிப்பு எனக்கு எட்டவே இல்லை. எதற்கெடுத்தாலும் கிண்டல். தொடக்கத்தில் வரும் புயலும் உறுத்துகிறது. அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் காற்று ஏவூர்தியைச் சாய்க்கப் பார்க்கிறதாம்!

பிற்பாதியில் அவன் மனசுக்குள் கதை போகிறதா? முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதே அளவு அறிவியலோடு தனிமையையும் ஆழமாக எழுதிய நாவல் ஏதாவது தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப சந்தோஷம்.