டர்னரின் டெமரேர்: சூரியன் எந்தப் பக்கம்?

துறைமுகத்தான்:
நேற்று வேறொரு இழையில் ஒரு நண்பர், ஆங்கில ஓவியர் டர்னர் டெமரேர் என்ற பழைய போர்க்கப்பலை வரைந்த ஓவியத்தில் "அஸ்தமனச் சூரியன் ஒரு யுகத்துக்கே விடைகொடுக்கிறது" என்று உருகியிருந்தார். எரிச்சல் தாங்கவில்லை. 1838 செப்டம்பரில் அந்தக் கப்பலை உடைப்பதற்காக ஷீர்னஸிலிருந்து ராதர்ஹைத்துக்கு இழுத்துப் போனார்கள். கடல் பக்கமிருந்து லண்டன் பக்கம், அதாவது மேற்கே. படத்தில் சூரியன் வலது ஓரத்தில், கப்பலுக்குப் பின்னால். மேற்கே போகிறவனுக்கு முதுகுப் பக்கம் கிழக்கு. கிழக்கில் யாருக்கய்யா சூரியன் அஸ்தமிக்கிறது?

சாம்பல்நீலம்:
அந்த "நண்பர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். படத்தை வைத்திருக்கும் லண்டன் நேஷனல் கேலரியே அஸ்தமனம் என்றுதான் சொல்கிறது. 1805இல் டிராஃபால்கர் கடற்போரில் சண்டை போட்ட கப்பல், வெளுத்துப்போய் ஆவி மாதிரி வருகிறது. முன்னால் கறுத்த இழுவைப் படகு ஒன்று நெருப்பும் புகையுமாக. தண்ணீரில் அந்தச் சிவப்பு. இடது மூலையில் பிறை வேறு. இதைப் பார்த்து ஒருவருக்கு விடியல் தோன்றுகிறது என்றால், கண்ணுக்கு நான் என்ன செய்ய?

துறைமுகத்தான்:
பிறை விடியற்காலையிலும் தெரியும் சார், தேய்பிறை என்று ஒன்று உண்டு. நான் கேட்டது ஒன்றே ஒன்று. கப்பல் எந்தத் திசையில் போகிறது?

ஆத்தங்கரை:
தேம்ஸ் என்ன நேர்கோட்டு வாய்க்காலா? வளைந்து வளைந்து போகும் ஆறு, ஒரு வளைவில் மூக்கு கிழக்கே திரும்பியிருக்கும். அப்புறம், நிஜத்தில் பாய்மரங்களை எல்லாம் முன்பே கழற்றிவிட்டார்கள், இழுத்ததும் இரண்டு படகுகள், அவர் வரைந்தது ஒன்று. இல்லாத மரத்தை நட்டவர் சூரியனை நகர்த்த மாட்டாரா?

துறைமுகத்தான்:
ஆக, நகர்த்தினார் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஆத்தங்கரை:
எங்கே ஒப்புக்கொண்டேன்?!

சும்மாவந்தவன்:
அந்தச் சின்னப் படகில் புகைபோக்கி பாய்மரத்துக்கு முன்னால் இருக்கிறதே, அது சரியா?

துறைமுகத்தான்:
அதற்குத் தனி இழை போடுங்கள் தம்பி. பதினெட்டு வருஷம் துறைமுகத்தில் இழுவைப் படகு வருவதையும் போவதையும் பார்த்தவன் நான், புத்தகம் படித்துவிட்டு வெளிச்சம் பற்றிப் பேசவில்லை. காலை வெயிலுக்கும் தண்ணீரில் அதே சிவப்பு வரும்.

சாம்பல்நீலம்:
வந்துவிட்டது பதினெட்டு வருஷம்! ரவிவர்மா இழையில் புடவை மடிப்பைப் பற்றிப் பேசவும் இதையேதான் சொன்னீர்கள். தலைப்பிலேயே "உடைபடுவதற்காகக் கடைசித் துறைக்கு" என்று எழுதிவைத்தவர் விடியலை எதற்கு வரைகிறார்?

துறைமுகத்தான்:
புடவை விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. தலைப்பு இருக்கட்டும். எந்தத் திசை? ஒரே வார்த்தை, கிழக்கா மேற்கா?

ஆத்தங்கரை:
வளைவு என்றேனே, படிக்கவில்லையா?

துறைமுகத்தான்:
எந்த வளைவு? பெயர் சொல்லுங்கள்.

சாம்பல்நீலம்:
இவருக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை. ஆனால் அது அஸ்தமனம்தான்.

சும்மாவந்தவன்:
புகைபோக்கி…?