தெங்சோங்: ஜேட் தோண்டும் ஊரா, விற்கும் ஊரா?

ஐராவதிக்கரை:
பர்மாவில் மாண்டலே ஜேட் (பச்சை மணிக்கல்) சந்தைப் பக்கம் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. கல் வாங்க வருகிற யுன்னான் சீனர்களிடம் பூர்விகம் கேட்டால் நிறையப் பேர் யுன்னானில் நம் எல்லைப் பக்கம் இருக்கிற தெங்சோங் என்கிறார்கள். அங்கேயும் சுரங்கம் இருக்கிறதா, இல்லை கச்சின் மலையில் இருக்கிற நம் ஃபாகன் சுரங்கத்துக் கல்லைத்தான் கொண்டுபோய் விற்கிறார்களா?

பாமோக்காரன்:
சுரங்கமெல்லாம் கிடையாது தம்பி. அந்த மண்ணில் இருப்பது எரிமலைப் பாறையும் வெந்நீரும்தான். ரெஹாய் ஊற்றில் வைக்கோலில் கட்டிய முட்டையை ஆவியிலேயே வேகவைத்து விற்பார்கள். ஜேட் முழுக்க கச்சின் மலையிலிருந்து போனது. கிழக்கே காவ்லிகோங் மலைத்தொடர் வழியை அடைத்து நிற்கிறது, மேற்கே தாப்பிங் ஆற்றோடு இறங்கினால் ஐராவதிக் கரையில் எங்கள் பாமோ, அதனால் குன்மிங்கை விட இங்கே வருவதுதான் அவர்களுக்குச் சுலபம். கோவேறு கழுதைகளில் பட்டு வரும், திரும்பும்போது பஞ்சும் கல்லும் போகும், அந்தக் கல்லை அறுத்து வளையலாக்கி விற்றே ஊர் பணம் பார்த்தது. வெள்ளைக்காரர்கள் மோமியன் என்று எழுதியதும் இதே ஊரைத்தான். 1868இல் ஸ்லேடன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பாமோவிலிருந்து அங்கே போனபோது ஊர், சீன அரசை எதிர்த்துக் கிளம்பிய பாந்தே என்கிற யுன்னான் முஸ்லிம்கள் கையில் இருந்தது.

மிச்சினா ரயிலடி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. நீராவிக் கப்பல் வந்ததும் நல்ல கல் ரங்கூன் வழியாகக் கடலில் தென்சீனத் துறைமுகமான கான்டனுக்குப் போக ஆரம்பித்துவிட்டது, கழுதைப் பாதைக்கு அடி அப்போதே விழுந்தது. அப்புறம் போர். நம் ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு நடந்த அதே 1942இல், மே மாதம், ஜப்பான்காரன் தெங்சோங்கைப் பிடித்தான். 1944 செப்டம்பரில் சீனப்படை மீட்டபோது மதிலுக்குள் முழு வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பார்கள். 1949க்குப் பிறகு தனியார் வியாபாரமும் நின்றது. எல்லை வணிகம் திரும்பத் திறந்தபோது, நம் எல்லை ஊரான மூசேயின் சாலையை ஒட்டி அந்தப் பக்கம் இருக்கிற ருய்லி முந்திக்கொண்டது.

ஐராவதிக்கரை:
நன்றி அண்ணே. அப்படியென்றால் இப்போது அந்த ஊர் எதில் பிழைக்கிறது?

பாமோக்காரன்:
பெரும்பாலும் சுற்றுலா. பக்கத்திலே ஹெஷுன் கிராமம், தலைமுறை தலைமுறையாக ஆண்கள் பர்மாவுக்குச் சம்பாதிக்கப் போன ஊர். அனுப்பிய காசில் வீடு, கோயில், 1928இல் ஒரு நூலகம்கூடக் கட்டியிருக்கிறார்கள். (செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.) ஜேட் கடையும் உண்டு, ஆனால் சுற்றுலாக்காரர் தலையில் கட்டுகிற சரக்கே அதிகம். 2015இல் கவுண்டி அந்தஸ்து போய் நகரமாக்கிவிட்டார்கள். மிச்சினாவிலிருந்து எல்லை ஊரான கன்பைட்டி வழியாக அங்கே சாலை 2007இலேயே போட்டாயிற்று, சண்டை இல்லாத காலமாக இருந்தால் லாரிகள் அதில் ஓடும்.